நூறு வாட் பேனலும் ஒரு கயிற்றுக் கட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடித்து எடுத்துப்போகும் சோலார் பேனல் ஒன்றை வாங்கி ஏமாந்துபோனதாகப் போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அட்டைப்பெட்டியில் 100 வாட் என்று போட்டிருக்கிறது, உச்சி வெயிலில் வைத்தாலும் 60 தாண்டவில்லை, இது பகல் கொள்ளை என்று முடித்திருந்தார். வெயில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பகல் கொள்ளை என்ற வார்த்தை பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 60-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பேனலைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. நானும் சில மாதம் அதே கோபத்தில் இருந்தவன்தான். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை.

நான் மின்வாரியத்தில் வயர்மேனாக 31 வருஷம் வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்றவன். ஊர் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. மாமரம், தென்னை, கம்பம் எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வந்தது 24-ஆம் நாள். கம்பம் ஏறி லைன் கட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால் என் வீடு இருட்டாகக் கிடக்கும். என் மனைவிக்கு வீசிங் உண்டு. நெபுலைசர் வைக்க வேண்டுமானால் ஜெனரேட்டர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் வண்டியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த 24 நாளில் எத்தனை தடவை போனோம் என்று எண்ணவில்லை.

ஓய்வுப் பணம் வந்ததும் முதலில் வாங்கியது இந்தச் சாமான்தான். நாலு மடிப்பாக, துணிப் பை மாதிரி இருக்கும் 100 வாட் பேனல் ஒன்று. கூடவே ஒரு பேட்டரிப் பெட்டி. பெட்டியின் முகத்தில் உள்ளே எத்தனை வாட் வருகிறது என்று காட்டும். சித்திரை மாதம், மொட்டை மாடி, பகல் பன்னிரண்டு மணி. எங்கள் ஊரில் சித்திரை பிறந்து நாலைந்து நாளில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், குச்சி நட்டால் நிழல் விழாது. அந்த வெயிலில் பேனலை விரித்தேன். பெட்டி 61 என்று காட்டியது.

விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க ஏரியால சன்லைட் சரியா இல்லாம இருக்கலாம் சார்" என்றார். வேதாரண்யத்தில், சித்திரையில், நடுப்பகலில்! போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசினால் என் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கும்.

அப்புறம்தான், முப்பது வருஷமாகப் பார்த்த வேலையை இதிலேயே பார்ப்போமே என்று மீட்டரை எடுத்தேன். வாரியத்தில் என்னிடம் இருந்த, வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டர் இதற்கு உதவாது. அது திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டுக்கு மட்டும், பேனலில் வருவது ஒரே திசையில் ஓடும் டிசி. எண்ணூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். பேனலின் பின்பக்கம் ஒரு சின்ன லேபிள் தைத்திருப்பார்கள். அதில் நான்கு எண் இருக்கும். என்னுடையதில் வேலை செய்யும்போது 18 வோல்ட், 5.56 ஆம்பியர். எதிலும் இணைக்காமல் இருந்தால் 21.6 வோல்ட். இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் 6.1 ஆம்பியர்.

இந்தக் கடைசி எண்ணைச் சோதிக்கத்தான் எனக்குக் கை வரவில்லை. பாசிட்டிவையும் நெகட்டிவையும் நேராகச் சேர்ப்பது என்றால் ஷார்ட் சர்க்யூட். வாழ்நாள் பூராவும் அது ஆகக் கூடாது என்றுதான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தச் சின்ன பேனலில் அப்படிச் செய்தால் ஒன்றும் ஆகாது. வெயில் எவ்வளவு தருகிறதோ அதற்கு மேல் அதனால் கரண்ட் தள்ள முடியாது. பெட்டியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகிக் கண்ணை ஒருக்களித்துக்கொண்டு தொட்டேன். பொறி இல்லை, சத்தம் இல்லை. 5.2 என்று நின்றது. வயரை எடுத்துவிட்டு வோல்ட் பார்த்தேன். 21.6 இருக்க வேண்டிய இடத்தில் 19.

இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து முக்கால் கதையைச் சொல்லிவிட்டன. பேனலில் கரண்ட் என்பது வெளிச்சத்தின் கணக்கு, வோல்ட் என்பது சூட்டின் கணக்கு. லேபிளில் இருக்கும் 100 வாட், ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,000 வாட் வெளிச்சம் விழுந்து, பேனலில் வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும் கறுப்புச் செல்லின் சூடு 25 டிகிரியில் நிற்கும்போது அளந்தது. காற்றின் சூடு 25 என்று நினைத்துவிடாதீர்கள், செல்லின் சூடே 25. தொழிற்சாலையில் கண் சிமிட்டும் நேரம் விளக்கை மின்ன விட்டு அளப்பார்கள், பேனல் சூடாக நேரமே இருக்காது. உலகம் முழுக்க எல்லாக் கம்பெனியும் ஒரே அளவுகோலில் அளக்க வேண்டும் என்பதற்காக வைத்த முறை அது. அதில் தப்பு இல்லை. ஆனால் 1,000 வாட் வெயிலும் 25 டிகிரி செல்லும் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும் நாள் எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் கிடையாது.

6.1-க்கு 5.2 என்றால் வெளிச்சத்தில் 15 சதவீதம் குறைவு. நம் கண்ணுக்கு வெயில் தகிப்பாகத் தெரியும். ஆனால் கடற்கரையில் காற்று பூராவும் ஈரம், மேலே வெள்ளையாக ஒரு மூட்டம் எப்போதும் இருக்கும், வெயில் அதில் வடிகட்டித்தான் இறங்குகிறது. இது போதாதென்று பேனல் மேல் ஒரு சாமான் படிந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வோல்ட் குறைந்ததற்குக் காரணம் சூடு. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டும் துப்பாக்கி ஒன்று வீட்டில் கிடந்தது, அதைப் பேனலுக்குக் காட்டினேன். காய்ச்சலுக்கு மேல் அது எண் சொல்லாது போலிருக்கிறது, "ஹை" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. ஏசி மெக்கானிக் தம்பி ஒருவரிடம் சரியான துப்பாக்கியை வாங்கி வந்து வைத்தேன். 66 டிகிரி. தோசைக்கல் இல்லை, ஆனால் கை வைத்து இருக்க முடியாது. சிலிக்கான் செல்லுக்கு 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் சக்தி போய்விடும். 41 டிகிரி ஏறியிருக்கிறது, 16 சதவீதம் போச்சு. வெயில் அதிகமானால் பேனல் அதிகம் தரும் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு ஆகாது. நமக்கு இரண்டும் ஒரே மூட்டையில்தான் வருகிறது.

சரி, 100-இல் வெளிச்சத்துக்கு 15 சதவீதமும் மிச்சத்தில் சூட்டுக்கு 16 சதவீதமும் கழித்தால் 71 வருகிறது. பெட்டி காட்டியதோ 61. அந்தப் பத்து வாட் எங்கே?

இதைச் சொல்ல எனக்கு வெட்கம். பேட்டரிப் பெட்டி வெயிலில் இருக்கக் கூடாது என்று அதை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, மேலே பேனலிலிருந்து பத்து மீட்டர் வயர் இழுத்திருந்தேன். வீட்டில் கிடந்த மெல்லிசு வயர், முக்கால் ஸ்கொயர் எம்எம். 230 வோல்ட் லைனில் ஒரு பல்புக்கு அது தாராளம். வழியில் இரண்டு வோல்ட் குறைந்தாலும் நூற்றுக்கு ஒன்று, யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கே கிளம்புவதே 18-க்குக் கீழ். போக பத்து, வர பத்து, இருபது மீட்டர் செம்பில் கிட்டத்தட்ட ஐந்து ஆம்பியர் போனால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் அதிலேயே தங்கிவிடும். ஏழில் ஒரு பங்கு. பத்து வாட்டைக் கொண்டு நான் வயரைச் சூடுபண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வயர்மேன்! நாலு ஸ்கொயர் எம்எம் சோலார் கேபிள் வாங்கி மாற்றினேன், அன்றைக்கே 69 வந்தது.

பிறகு கட்டில். இந்த மடிப்பு பேனல்களுக்குப் பின்னால் துணி. சிமெண்டுத் தளத்தில் விரித்தால் அடியில் காற்றே போகாது, தளத்தின் சூடும் சேர்ந்துகொள்ளும். என் அப்பாவின் கயிற்றுக் கட்டில் ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதை மாடிக்கு ஏற்றி அதன் மேல் விரித்தேன். கால் மணி நேரம் கழித்து 66 டிகிரி 58-க்கு இறங்கியிருந்தது. பெட்டியில் இரண்டு வாட் ஏறி 71. இரண்டு வாட்டுக்காகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதா என்று என் மனைவி கேட்டாள். கட்டிலில் போட்டதில் இன்னொரு லாபம், கொண்டல் காற்று அடிக்கும்போது பேனலைக் கயிற்றோடு கட்டிவிடலாம். அதற்கு முன் ஒருநாள் அது பக்கத்து வீட்டுக் கிணற்றடி வரை போய்விட்டது.

மேலே படிந்திருந்த சாமான் உப்பு. கடல் காற்றும் உப்பளமும் இருக்கிற ஊரில் ஜன்னல் கம்பி, சைக்கிள், கண்ணாடி எதுவும் தப்பாது. விரலால் தடவி நாக்கில் வைத்தால் தெரியும். தூசி மாதிரி தட்டினால் போகாது, ராத்திரி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு விடும். போர் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள், அது காய்ந்தால் வெள்ளையாக இன்னொரு படலம் விடும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் பழைய பருத்தித் துணியை நனைத்துத் துடைத்தேன். 71 என்பது 75-க்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது. அதற்கு மேல் என்ன செய்தும் ஏறவில்லை.

அந்த 75-ஐ நான் வேறு இடத்தில் பார்த்திருந்தேன். மகன் வீட்டுக் கூரையில் பெரிய பேனல் போட்டபோது கம்பெனித் தாளில் இரண்டு பத்தி இருந்தது. ஒன்றில் 540 வாட். பக்கத்திலேயே இன்னொரு பத்தியில் நானூறு சொச்சம். இரண்டாவது, 800 வாட் வெளிச்சம், 20 டிகிரி காற்று, மெல்லிய காற்றோட்டம் என்று கொஞ்சம் நிஜத்துக்குப் பக்கத்தில் கணக்குப் போட்டது. போட்டுப் பார்த்தால் முக்கால் பங்கு. பெரிய பேனல் வாங்குகிறவனுக்கு அந்த இரண்டாவது பத்தி கிடைக்கிறது. மடிப்பு பேனலை வாங்கும் மீனவருக்கும், ஆட்டுக்கிடை போடும் கீதாரிக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும் நான் பார்த்த அட்டைப்பெட்டி எதிலும் அது இல்லை. என் குறை இதுதான். இரண்டாவது எண்ணையும் அட்டைப்பெட்டியின் மேல், தமிழில், முதல் எண்ணுக்குச் சமமான எழுத்தில் போடச் சொல்ல வேண்டும். "100 வாட், நல்ல வெயிலில் 75" என்று இருந்தால் நானும் அந்த வாசகரும் சண்டை போட்டிருக்க மாட்டோம்.

நிழல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். தென்னங்கீற்று ஒன்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால் மூலை அளவுக்குத்தான் குறையும் என்று தோன்றும். ஒரு செல் அரை வோல்ட்டுக்கு மேல் கொஞ்சம்தான் தரும். 18 வோல்ட் வர முப்பத்துச் சொச்சம் செல்லை வரிசையாகக் கோத்திருப்பார்கள். திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒரு பல்பு போனால் வரிசையே அணையும், பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு செல் இருட்டினால் மற்றவற்றின் கரண்டையும் அது மறிக்கும். அதைச் சுற்றிப் போக டயோடு வைத்திருப்பார்கள், நல்ல பேனலில். என் பேனலில் கையளவு நிழலுக்கு 70 என்பது 30 ஆனது.

ஐப்பசியில் ஒருநாள் நடந்ததைச் சொன்னால் அந்த வாசகர் நம்புவாரோ என்னவோ. நல்ல மழை அடித்து விட்டிருந்தது. பேனலைக் கட்டிலோடு அப்படியே விட்டிருந்தேன், மழை உப்பைக் கழுவி, பேனலையும் குளிரவைத்துவிட்டது. மேகம் இரண்டாகப் பிரிந்து நடுவில் வெயில் விழுந்தது. மேகத்தின் வெள்ளை ஓரத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சமும் சேர்ந்துகொண்டது. பெட்டி 96 காட்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் 90, பிறகு 80. பத்து நிமிஷம்கூட இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குப் பேனல் மேல் இருந்த கோபம் போய்விட்டது. லேபிள் பொய் சொல்லவில்லை. அது சொல்லும் நிலைமை எங்கள் ஊருக்கு எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஆனால் அதே ஐப்பசி கார்த்திகையில்தான் எனக்கு வேறு கவலையும் வந்தது. சித்திரையில் நாள் முழுக்கச் சேர்த்தால் பெட்டிக்குள் 350 வாட் அவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் அவர்) வரை போகும். மூடாக்கு போட்ட கார்த்திகை நாளில் 90. விடாமல் தூறிய ஒரு நாளில் 40. எங்களுக்குத் தேவை என்ன? நெபுலைசர் ஒரு நாளைக்கு மூன்று தடவை, அது 50 வாட் அவர். ஒன்பது வாட் பல்பு ஐந்து மணி நேரம், 45. இரண்டு போன், 30. மொத்தம் 125. மின்விசிறியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. புயலுக்காக வாங்கிய பேனல், புயல் வருகிற மாதத்தில்தான் மிகக் குறைவாகத் தருகிறது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது. அதனால் நான் இப்போது மழைக்காலம் தொடங்கும் முன்பே வீட்டு கரண்டில் பெட்டியை நிரப்பி வைத்துவிடுகிறேன். பேனல், பெட்டியில் செலவானதை ஈடுகட்ட மட்டும். புயலுக்கு என்று வாங்குகிறவர்கள் சித்திரை வெயிலில் டெமோ பார்த்து வாங்காதீர்கள்.

மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். தரைமட்டமாக விரித்தால் சாய்வுக்கே ஆறில் ஒரு பங்கு போகும். கட்டிலின் தெற்குக் கால்களைத் தரையில் விட்டு வடக்குக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்துங்கள். எவ்வளவு என்று குழம்ப வேண்டாம், பேனல் மேல் ஒரு பேனாவை நேராக நிறுத்துங்கள், நிழல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பெட்டி நிறைய நிறைய உள்ளே வாங்குவதும் குறையும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது வாட் இறங்கினால் பேனலைத் திட்டாதீர்கள், வயிறு நிறைந்தவன் மெதுவாகத்தான் சாப்பிடுவான்.

பைபர் படகு வைத்திருக்கும் தம்பிகள் பேட்டரிப் பெட்டி இல்லாமல், பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன கண்ட்ரோலர் ஒன்றை வைத்து நேரே 12 வோல்ட் பேட்டரியில் கொடுக்கிறார்கள். மலிவான கண்ட்ரோலர் பேனலின் 18 வோல்ட்டைப் பேட்டரியின் 13-க்கு இழுத்துவிடும். ஐந்தரை ஆம்பியர் அப்படியே வந்தால்கூட 72 வாட்தான், வெயில் சரியாக இருந்தாலும். எம்பிபிடி (MPPT) என்று எழுதிய கண்ட்ரோலர் பேனலை அதன் வோல்ட்டிலேயே வேலை செய்ய விடும்; விலை கூட, ஆனால் இந்த நஷ்டம் இல்லை. எம்பிபிடி என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியதும் வருகிறது, கையில் எடுத்தால் காற்றாய் இருக்கும்.

இனி, நிஜத் திருடனைப் பற்றி. என் மைத்துனர் ஆன்லைனில் 200 வாட் மடிப்பு பேனல் ஒன்றை என் பேனலின் பாதி விலைக்கு வாங்கி, "பாருங்க மாமா, உங்களுதைவிட டபுள்" என்று கொண்டுவந்தார். கட்டிலில் விரித்து, நல்ல கேபிளில் போட்டும் 33 வாட். துடைத்தோம், திருப்பினோம், 33. அப்போதுதான் தையல் டேப்பை எடுத்தேன். துணி விளிம்பை விட்டுவிட்டு, கறுப்பாக இருக்கும் செல் பகுதியை மட்டும் அளந்தோம். ஒரு மடிப்பு 42 செண்டிமீட்டருக்கு 30. இரண்டு மடிப்பு. மொத்தம் 2,520 சதுர செண்டிமீட்டர், அதாவது கால் சதுர மீட்டர். அதன் மேல் விழும் வெயிலே அதிகபட்சம் 250 வாட். இப்போது கடையில் கிடைக்கும் செல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக மாற்றும், மிக நல்லதானால் இன்னும் கொஞ்சம். அது 50, 55 வாட் பேனல். 200 என்பது அச்சடித்தவன் கையில் இருந்த மை. திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டது. மைத்துனர் அதில் போன் சார்ஜ் போடுகிறார், என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதனால் அந்த வாசகருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அவர் பேனலின் செல் பகுதியை டேப் வைத்து அளக்கட்டும். நீளத்தையும் அகலத்தையும் செண்டிமீட்டரில் பெருக்கி, எல்லா மடிப்பையும் கூட்டி, 50-ஆல் வகுத்தால் உண்மையான வாட் வரும். செல் உயர்ந்த ரகம் என்று கம்பெனி அடித்துச் சொன்னால் 45-ஆல் வகுக்கட்டும், அதற்குக் கீழே போக வேண்டாம். 100 பக்கத்தில் வந்தால் அவர் பேனல் நல்ல பேனல். வயரை மாற்றி, கட்டிலில் போடச் சொல்லுங்கள். நூறுக்கு வெகு கீழே வந்தால் பில் எங்கே வைத்தார் என்று இன்றைக்கே தேடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
வேதாரண்யம் வட்டம்.